பழைய வீடு வாங்குமுன் பார்க்க வேண்டியவை: சேலம் குகைப் பகுதியிலிருந்து ஒரு தட்டச்சுக்காரி

சேலத்தில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, பத்திர எழுத்தர் ஒருவரிடம் 21 வருஷமாகத் தட்டச்சு வேலை செய்கிறேன். ஊரார் வீடெல்லாம் என் விரல் வழியாகத்தான் கைமாறியிருக்கிறது. எங்களுக்கென்று ஒரு வீடு அமைந்தது 2021இல்தான். குகையில் ஒரு சந்துக்குள் 15 அடி அகலம், 70 அடி நீளம். முன்பாதி மங்களூர் ஓடு, பின்பாதி மெட்ராஸ் டெரஸ். எப்போது கட்டியது என்று யாருக்கும் தெரியாது. எங்களுக்கு விற்ற பாட்டியின் வீட்டுக்காரர் 1968இல் கிரயம் வாங்கும்போதே அது பழைய வீடு.

அதற்கு முன்னால் ஏழு வீடு பார்த்தோம். அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை, ஃபேர்லேண்ட்ஸ், ஏற்காட்டில் கூட ஒன்று. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நோட்டுப் பக்கம் ஒதுக்கி, நடுவில் கோடு கிழித்தேன். இடப்பக்கம் பணம் போட்டால் சரியாகிற குறைகள், வலப்பக்கம் எவ்வளவு பணம் போட்டாலும் ஆகாத குறைகள். நல்லது கெட்டது என்று பிரித்தால் பழைய வீட்டில் குழம்பிப் போவீர்கள். ஒன்றரை அடிச் சுவர் சித்திரை வெயிலுக்கு வரம், அதே சுவர் அறையில் ஒன்றரை அடியைத் தின்றுவிடுகிறது. முற்றம் வெளிச்சம் தரும், மழையையும் கூட்டி வரும். இடது, வலது என்று பிரித்தால்தான் எனக்குத் தெளிந்தது. இடப்பக்கம் எத்தனை வரி இருந்தாலும் பேரம் பேசலாம். வலப்பக்கம் இரண்டு வரி வந்தாலே நான் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன்.

முதலில் விலை. கட்டடத்தை மனசுக்குள் இடித்துத் தள்ளிவிட்டு மனையை மட்டும் விலை போடுங்கள். அந்தத் தெருவில் கடைசியாகக் கைமாறிய வீட்டுக்குச் சதுரடி என்ன போயிற்று என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். அரசு வழிகாட்டி மதிப்பு பதிவுத்துறை இணையதளத்தில் இருக்கிறது, ஆனால் சந்தை விலை அதோடு ஒத்துப்போக வேண்டுமென்று இல்லை. எங்கள் 1,050 சதுரடி மனைக்கு முப்பத்தொன்றரை லட்சம் தேறும் என்று கணக்குப் போட்டோம். கேட்டது 38, முடிந்தது 33. அந்த ஒன்றரை லட்சத்துக்கு எங்களுக்குக் கிடைத்தது தேக்கு உத்திரங்கள், வற்றாத ஒரு கிணறு, கல் பாவிய முற்றம். நிலைக்கதவு மட்டும் இன்று செய்தால் எவ்வளவு ஆகும் என்று ஆசாரியிடம் கேட்டேன், அவர் சிரித்தார்.

இதோடு பத்திரச் செலவு. நாங்கள் பதிந்தபோது முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம். முழுத் தொகைக்கும் பதிந்ததால் 3,63,000 ரூபாய் போயிற்று. 2023இல் வழிகாட்டி மதிப்பை ஏற்றி, பதிவுக் கட்டணத்தை 2 சதவீதமாகக் குறைத்தார்கள். பத்திரத்தில் குறைத்துக் காட்டிவிட்டு மீதியைக் கையில் கொடுங்கள் என்று புரோக்கர் சொல்வார். நாளைக்கு நீங்கள் விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து, வரியும் அதற்கேற்ப வரும். எத்தனையோ பேர் எங்கள் கடை வாசலில் நின்று புலம்பியதைப் பார்த்திருக்கிறேன்.

கடன் வாங்கி வாங்குவதாக இருந்தால் அட்வான்ஸ் கொடுக்குமுன் வங்கிக்குப் போய்விடுங்கள். கட்டட வரைபட அனுமதி கேட்பார்கள். தாத்தா காலத்து வீட்டுக்கு அதற்கு எங்கே போவது? எங்களுக்கு ஒரு வங்கி முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டது. இன்னொன்று பொறியாளரின் உறுதிச் சான்று வாங்கி வரச் சொல்லி, விலையில் பாதிக்குத்தான் கடன் கொடுத்தது. மீதியைப் புரட்ட அத்தையின் வளையல் முதல் என் சீட்டுப் பணம் வரை எல்லாம் போயிற்று. புது ஃபிளாட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மேஸ்திரியோடு ஒரு நடை

நீங்கள் மட்டும் போனால் நிலைக்கதவைப் பார்த்து மயங்கிவிடுவீர்கள். நான் மயங்கினேன். பழைய கட்டடத்தில் கை வைத்துப் பழகிய வயதான மேஸ்திரி ஒருவரைக் கூட்டிப் போங்கள். காங்கிரீட் வீடே கட்டிப் பழகிய இளைஞர் என்றால் ‘இடிச்சுக் கட்டிடலாம்கா’ என்பதைத் தவிர வேறு சொல்ல மாட்டார்.

எங்கள் மேஸ்திரி அண்ணன் கையில் ஒரு டார்ச், ஒரு பெரிய ஸ்க்ரூ டிரைவர், சட்டைப்பையில் ஒரு ரூபாய்க் காசு. அவ்வளவுதான். உத்திரம் சுவருக்குள் நுழைகிற முனையில்தான் ஈரமும் கறையானும் முதலில் பிடிக்குமாம். அங்கே ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்துவார். உள்ளே இறங்காவிட்டால் மரம் நன்றாக இருக்கிறது, வெண்ணெயில் கத்தி போல இறங்கினால் மாற்ற வேண்டும். எங்கள் வீட்டில் பதினொரு உத்திரத்தில் இரண்டு இறங்கிற்று. காசு எதற்கு என்றால், ஒன்று பூச்சைத் தட்டிப் பார்க்க. ‘டக்’ என்று கேட்டால் சரி, ‘பொத்’ என்று கேட்டால் பூச்சு சுவரை விட்டுவிட்டது. இன்னொன்று விரிசலை அளக்க. பூச்சில் தலைமுடி மாதிரி ஓடுகிற கீறலுக்குப் பயப்பட வேண்டாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, காசு நுழைகிற அளவுக்குப் பிளந்திருந்தால் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம். அந்த விரிசல் முடிகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவிட்டு வந்தோம். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது கோட்டைத் தாண்டவில்லை.

நீங்களே பார்க்கக் கூடியதும் உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு எல்லா அறையிலும் நடங்கள். ஓதம், அதாவது தரையிலும் சுவரிலும் ஏறுகிற ஈரம், காலுக்குத் தெரியும். கூடத்துச் சுவரில் மூன்றடி உயரத்துக்குப் புதுசாக டைல்ஸ் ஒட்டியிருந்தால், ‘அழகுக்கு ஒட்டினோம்’ என்று சொன்னால் நம்பாதீர்கள். அதற்குப் பின்னால் உப்புப் பூத்த சுவர் இருக்கும். மொட்டை மாடிக்கு ஏறுங்கள். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் அதை ஒடித்துப் போட்டுப் பயனில்லை, வேர் சுண்ணாம்புக்குள் போயிருக்கும்.

மெட்ராஸ் டெரஸ் என்பது உத்திரத்தின் மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டித் தட்டிய தளம். முறையாகப் பராமரித்தால் நம் ஆயுசுக்கு நிற்கும். ஆனால் அதன் நடுவில் ஆயிரம் லிட்டர் தண்ணீர் டேங்க்கை வைத்தால் ஒரு டன் எடையை உத்திரத்தின் இடுப்பில் ஏற்றுகிறீர்கள். இரண்டு சுவர் சந்திக்கிற மூலையில்தான் வைக்க வேண்டும். இந்த மாதிரி வீட்டில் தூண் கிடையாது, சுவர்தான் தாங்குகிறது. கூடத்தையும் அறையையும் சேர்த்துப் பெரிசாக்கலாம், மேலே ஒரு மாடி எடுத்து வாடகைக்கு விடலாம் என்ற கணக்கோடு வருகிறவர்கள் அதை இப்போதே மறந்துவிடுங்கள். மாடி வேண்டுமென்றால் இடித்துத்தான் கட்ட வேண்டும். இடித்தால் இப்போதைய கட்டட விதி, தெரு அகலத்தைப் பொறுத்து, இடம் விடச் சொல்லும். பழைய வீடு தின்று கொண்டிருந்த மனை முழுதும் புது வீட்டுக்குக் கிடைக்காது.

வயரிங் பற்றிக் கேட்கவே வேண்டாம், மொத்தமாகப் பிய்த்து எறியுங்கள். மரச்சட்டத்தில் ஓடுகிற ஒயர், எர்த் இல்லாத பிளக், பீங்கான் ஃபியூஸ், இதில் ஏசி எப்படி ஓடும்? எங்களுக்கு ஒன்றே முக்கால் லட்சம். துருப்பிடித்த ஜி.ஐ. குழாய் எல்லாம் தனி.

நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். சமையல்கட்டுச் சுவரில் ஓதம் ஒரு அடி உயரம் இருந்தது. மேஸ்திரி அண்ணன் ஊருக்குப் போயிருந்த நேரம், கிரகப்பிரவேச அவசரம் வேறு. வேறொருவரை வைத்து வழுவழுவென்று சிமெண்ட் பூசினோம். அடுத்த மழைக்காலத்தில் ஓதம் நாலடிக்கு ஏறிவிட்டது. அண்ணன் வந்து தலையில் அடித்துக்கொண்டார். “சுண்ணாம்புச் செவுரு மூச்சு விடும்கா. நீங்க வாயில துணியைக் கட்டிட்டீங்க. தண்ணி போக வழியில்லாம மேல ஏறுது” என்றார். கொத்திவிட்டு மறுபடி சுண்ணாம்புப் பூச்சு. இரண்டு தடவைக் கூலி.

மராமத்துக்கு மேஸ்திரி சொன்னது ஆறு லட்சம். ஆனது ஒன்பது லட்சத்து நாற்பதாயிரம். யார் என்ன தொகை சொன்னாலும் பாதியைச் சேர்த்துக்கொண்டு அதற்கப்புறம் யோசியுங்கள்.

வலப்பக்கத்து வரிகள்

அம்மாபேட்டையில் பார்த்த வீடு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கூடத்தில் ஜன்னல் ஓரமாகத் தரை உள்வாங்கியிருந்தது. மேஸ்திரி காலால் தட்டிப் பார்த்துவிட்டு, “இங்க தறி போட்டிருந்தாங்களா?” என்றார். ஆமாம், குழித்தறி. நெசவை விட்டதும் குழியில் கிடைத்த மண்ணைப் போட்டு மூடி மேலே தரை போட்டுவிட்டார்கள், மண் அமுங்கிவிட்டது. இது இடப்பக்கம்தான். தோண்டி எடுத்து, கிராவல் போட்டுத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கினால் முடிந்தது. அட்வான்ஸ் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டோம். நல்லவேளை, எங்கள் வீட்டுக்காரர் ராத்திரி பத்து மணிக்கு ஒரு தடவை போய்விட்டு வரலாம் என்றார். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. நடுச்சுவரில் கை வைத்தால் நடுங்கிற்று. நாங்கள் பகலில் போன இரண்டு முறையும் கரண்ட் கட்டோ, தறிக்கு லீவோ, தெரியவில்லை. அது அவர்கள் பிழைப்பு, நிறுத்தச் சொல்ல நாம் யார்? நோட்டில் வலப்பக்கம் எழுதிவிட்டு வந்துவிட்டேன்.

ஆகவே ஒரு வீட்டை மூன்று நேரத்தில் பாருங்கள். நல்ல மழை விட்ட மறுநாள் காலை ஒரு தடவை, மத்தியான வெயிலில் ஒரு தடவை, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு தடவை. செவ்வாய்ப்பேட்டை வீட்டுக்குப் பின்னால் வெள்ளிப் பட்டறை இருப்பது மத்தியானம் காற்று திரும்பியபோதுதான் மூக்குக்குத் தெரிந்தது.

அடுத்தது தெருவின் உயரம். பழைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாருங்கள். முழங்கால் மார்புக்கு வந்தால், தெரு உயர்ந்து வீடு தாழ்ந்துவிட்டது என்று அர்த்தம். சேலம் 1866லேயே நகராட்சி ஆன ஊர். பழைய தெருக்களில் ரோட்டின் மேல் ரோடாகப் போட்டுப் போட்டு, இரண்டு படி ஏறிப் போன வீடுகளுக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. மழை பெய்தால் தெருத்தண்ணீர் நேராக அடுப்படிக்கு. உள்ளே தரையை உயர்த்தலாம், ஆனால் உயர்த்திய அளவுக்கு நிலைவாசல் குள்ளமாகும். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள் என்பது உண்மைதான், சுற்றிலும் இடம் இருக்கிற வீட்டுக்கு அது சரி. இரண்டு பக்கமும் பொதுச்சுவர் உள்ள, மண்ணைக் குழைத்து வைத்துக் கட்டிய மண்சாந்து வீட்டில் நடக்காது. திருமணிமுத்தாற்றுக்கு அருகில் பார்க்கிறவர்கள் எதிர்க் கடைக்காரரிடம் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேட்டுவிடுங்கள். விற்பவரிடம் கேட்காதீர்கள்.

பொதுச்சுவர் என்று சொன்னேன் அல்லவா, அதுதான் எனக்கு விழுந்த அடி. பத்திரத்தில் ‘கீழ்புறம் பொதுச்சுவர்’ என்று நானே அடித்தேன், அதன் பொருளை யோசிக்கவில்லை. நாங்கள் குடிவந்து இரண்டு வருஷத்தில் பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டை இடித்தார். அதுவரை இரண்டு வீட்டுக்கும் நடுவில் நனையாமல் இருந்த மண்சாந்துச் சுவர் ஒரே நாளில் வெளிச்சுவர் ஆகிவிட்டது. நல்லபடியாகப் பேசி, அவர் அஸ்திவாரம் தோண்டுமுன் எங்கள் பக்கம் முட்டுக் கொடுத்து, வெளிப்பக்கம் தார்ப்பாய் கட்டி, ஒரு மழைக்காலத்தை ஓட்டினோம். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தாலோ, அந்த மனையை யாரோ வாங்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாலோ, கட்டாயம் விசாரியுங்கள். இடிக்கப் போகிறவர் நல்லவராக இருக்க வேண்டும் என்பது வெறும் அதிர்ஷ்டம்.

பத்திரம்

இது என் பேட்டை, கொஞ்சம் நீளும்.

எல்லோரும் ஈ.சி. (வில்லங்கச் சான்று) போட்டுப் பார்த்தோம், வில்லங்கம் இல்லை என்பார்கள். ஈ.சி.யில் பதிவானது மட்டும்தான் தெரியும். செத்துப்போனவர் தெரிய மாட்டார், வாரிசு தெரிய மாட்டார், பதியாத உயிலும் வாய்மொழிப் பாகமும் தெரியாது. புது மனைக்கு இது பெரிய விஷயமில்லை. மூன்று தலைமுறை வாழ்ந்த வீட்டுக்கு இதுதான் விஷயமே. இணையத்தில் பெரும்பாலும் 1975க்குப் பிறகுதான் எளிதாகக் கிடைக்கும். எங்கள் மூலப்பத்திரம் 1968 என்பதால், முந்தைய வருஷங்களுக்கு அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேடினோம்.

எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். 1968இல் பாட்டியின் வீட்டுக்காரர் சுயமாகச் சம்பாதித்து வாங்கினார். 1994இல் உயில் எழுதாமல் இறந்தார். பாட்டி, ஐந்து பிள்ளைகள், ஆறு பேரும் கையெழுத்துப் போட வந்துவிட்டார்கள். வாரிசுச் சான்றிதழும் ஆறு பேர் என்றே சொன்னது. நான் பேச்சுவாக்கில், “உங்க மாமியார் எப்ப பாட்டி தவறினாங்க?” என்று கேட்டேன். 1999 என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஏனென்றால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஆண் உயிலில்லாமல் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு அவருடைய தாய்க்கும் சம பங்கு உண்டு. மகன் இறந்த 1994இல் அந்தத் தாய் உயிரோடு இருந்தார். ஆக, பங்கு ஏழு. தாய் இறந்ததும் அந்த ஏழில் ஒன்று அவருடைய மற்ற மக்களுக்கும் போகும். பாட்டிக்கு ஒரு கொழுந்தனார் ஈரோட்டில், ஒரு நாத்தனார் தாரமங்கலத்தில். கணக்குப் போட்டால் ஆளுக்கு 21இல் ஒரு பங்கு. “அவங்களுக்கு என்ன பங்கு கண்ணு? இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே இருபது வருஷமாச்சு” என்று பாட்டிக்குக் கோபமான கோபம். இரண்டு பேரிடமும் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம் எழுதி வாங்க நாலு மாதம் ஆயிற்று. நாத்தனார் பணம் எதுவும் கேட்கவில்லை, பட்டுப்புடவை ஒன்று கேட்டார். அதையும் நாங்களே எடுத்துக் கொடுத்தோம்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் தவறாக நம்புகிறார்கள். அப்பா சுயமாக வாங்கிய சொத்து என்றால் 1956இலிருந்தே மகளுக்குச் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989இல் மகள்களுக்கு உரிமை கொடுத்தது, ஆனால் அதற்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. 2005 மத்தியச் சட்டத் திருத்தத்தில் அந்தத் தடையும் போயிற்று. 20.12.2004க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினை இருந்தால் அது நிற்கும். ‘சீர் செய்து அனுப்பிவிட்டோம், அக்காவுக்குப் பங்கில்லை’ என்று அண்ணன் தம்பிகள் சொன்னால், அக்காவின் கையெழுத்தோடு வாருங்கள் என்று சொல்லிவிடுங்கள். பங்குதாரரில் 18 வயது ஆகாத பிள்ளை இருந்தால் நீதிமன்ற அனுமதி கேளுங்கள். இல்லையென்றால் மேஜரான பிறகு மூன்று வருஷத்துக்குள் அந்தப் பிள்ளை வந்து வழக்குப் போடலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாக. மாநகராட்சிப் பகுதியில் டவுன் சர்வே பதிவேட்டு நகலை வாங்கி, சர்வே எண்ணும் பரப்பும் பத்திரத்தோடு பொருந்துகிறதா பாருங்கள். டேப் பிடித்து நீங்களே அளங்கள், பழைய வீட்டில் அரை அடி, ஒரு அடி எங்கேயாவது போயிருக்கும். பழைய பத்திரத்தில் ‘கிணற்றில் பாதி பாத்தியம்’, ‘சந்தில் நடைபாதைப் பாத்தியம்’ என்று ஒரு வரி ஒளிந்திருக்கும், புதுப் பத்திரத்தில் அது விடுபடக் கூடாது. கோயில் மனையா என்று கேளுங்கள். மேலே கட்டடம் மட்டும் அவருடையது, அடிமனை கோயிலுடையது என்ற வீடுகள் பழைய ஊர்களில் உண்டு. வாடகைக்கு ஆள் இருந்தால் காலி செய்து சாவி கைக்கு வந்த பிறகு கிரயம்.

ஏற்காட்டு வீட்டை விட்டதற்கு இரண்டு காரணம். பனிக்கால ஈரத்தில் துணி, படுக்கை, புத்தகம் எல்லாம் பூஞ்சை வாடை. மலையில் ஒரு அறை கூட்டிக் கட்டவும் ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம்) அனுமதி என்று தனி நடைமுறை. நிலம் அரசு நிபந்தனையோடு கொடுத்த பட்டாவா என்றும் அங்கே பார்த்தாக வேண்டும். லீவுக்குப் போய்த் தங்க இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவது சுகம்தான், ஒவ்வொரு மழைக்கும் ஓடு மாற்ற ஏறுவது வேறு. ஃபேர்லேண்ட்ஸில் பார்த்தது எண்பதுகளில் கட்டிய காங்கிரீட் வீடு. பார்க்கப் புதுசு, ஆனால் சன்ஷேடுக்கு அடியில் காரை பெயர்ந்து கம்பி துருவோடு தெரிந்தது. நூறு வயது சுண்ணாம்பு வீட்டை விட நாற்பது வயது காங்கிரீட் வீட்டுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். துரு உள்ளே எதுவரை போயிருக்கிறது என்று காசைத் தட்டித் தெரிந்துகொள்ள முடியாது.

ஆடியில் பத்திரம் போட மாட்டேன் என்று பாட்டி பிடிவாதம் பிடித்ததால் ஆவணி முதல் வாரம் பதிந்தோம். அந்த ஆடியில் எங்கள் கடையில் கூட்டமே இல்லாததால், எங்கள் பத்திரத்தை நானே மூன்று முறை திருத்தி அடித்தேன்.

பதிந்த கையோடு பெயர் மாற்ற வேண்டியவை சொத்துவரி, குடிநீர், பட்டா, மின் இணைப்பு. முதல் மூன்றையும் ஒரே மாதத்தில் முடித்துவிட்டேன். நாலாவது மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போகிறது. 1994இல் காலமான பெரியவர் பெயரில்தான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எங்கள் வீட்டுக்குக் கரண்ட் பில் வருகிறது. நான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.